ஆசிட் பல் எனாமலை எவ்வளவு அரிக்கிறது? பள்ளி லேபில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம்ம குமரி மாவட்டத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நடந்தால் ஏதாவது ஒரு மேசையில் கோலா ஊற்றிய டம்ளர் இருக்கும், அதற்குள் முட்டையோ பல்லோ கிடக்கும், பின்னால் "குளிர்பானம் பல்லைக் கரைக்கும்" என்று ஒரு சார்ட் தொங்கும். கரைக்கும்தான், அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு கரைத்தது, எத்தனை நேரத்தில், எத்தனை ஆழத்துக்கு என்று ஒரு ஆசிரியர் குனிந்து கேட்டால்தான் மேசைக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை முழிக்கும். இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்காக. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகள், அவர்களுக்கு புராஜெக்ட் செய்து கொடுத்தே அலுத்துப்போன பெற்றோர், லேப் சாவி கையில் இருக்கிற ஆசிரியர் எல்லோரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

பல்லைக் கோலாவில் போடுகிற கதை பழையது. 1950-இல் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் சாட்சி சொன்னபோது இதைப் பேசப்போய், அது ஊர் ஊராகப் பரவி, ராத்திரி போட்ட பல் காலையில் காணாமல் போகும் என்கிற அளவுக்கு ஊதிப்போனது. அப்படியெல்லாம் காணாமல் போகாது. நீங்களே அளந்தால் தெரியும்.

அளக்கப் போவது எதை?

பல்லை வெளியே மூடியிருக்கிற எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் கனிமம், ஹைட்ராக்சிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட் வகை. பல் முளைத்து வெளியே வந்த பிறகு எனாமலை உண்டாக்கிய செல்கள் இருக்காது, அதனால் போனது போனதுதான், எலும்பு மாதிரி திரும்ப வளராது. மனிதப் பல்லில் மிகத் தடித்த இடத்திலேயே சுமார் 2.5 மி.மீ. தான் இருக்கும்.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சொத்தைப்பல் என்பது வாயில் உள்ள பாக்டீரியா சர்க்கரையைத் தின்று ஆசிட் விட்டு, அந்த ஆசிட் ஒரே இடத்தில் குழி பறிப்பது. நாம் அளக்கப்போகிற அரிப்பில் பாக்டீரியாவுக்கு வேலையே இல்லை. குடிக்கிற பானத்தின் ஆசிடோ, வயிற்றிலிருந்து எதுக்களித்து வருகிற ஆசிடோ நேரடியாக எனாமல் மேல் படுகிறது, மேற்பரப்பு முழுக்க மெல்ல மெல்லப் போகிறது. சார்ட்டில் இரண்டையும் ஒன்றாக்கி எழுதினால் நடுவர் மார்க்கைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.

முட்டை ஓடும், கன்னியாகுமரி கடற்கரைக் கடையில் விற்கிற சிப்பியும் இதற்கு உதவாது. இரண்டும் கால்சியம் கார்பனேட். ஆசிட் பட்டதும் குமிழ் குமிழாக வாயு வரும், பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எனாமல் அந்த வேகத்தில் கரையாது. முட்டை ஓட்டை வைத்து எடுத்த எண்ணைப் பல்லுக்குப் பொருத்திச் சொன்னால் அது தவறான எண்.

முதலில் கணக்கு, அப்புறம்தான் கடைக்குப் போவது

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். மொத்த வழிகாட்டியிலும் முக்கியமான இடம் இதுதான். உங்களிடம் இருக்கிற தராசால் அந்தத் தேய்மானத்தைப் பார்க்கவே முடியுமா என்று பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

எனாமலின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறக்குறைய 2.95 கிராம், அதாவது ஒரு கன மி.மீ. எனாமல் 2.95 மி.கி. இருக்கும். பல்லில் 4 மி.மீ.க்கு 4 மி.மீ. அளவில் ஒரு சதுரத்தை மட்டும் ஆசிடுக்குத் திறந்து வைக்கிறீர்கள், 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழம் போகிறது என்று வையுங்கள். 16 சதுர மி.மீ. பெருக்கல் 0.01 மி.மீ., வருவது 0.16 கன மி.மீ. எடையில் 0.47 மி.கி. அரை மில்லிகிராம்கூட இல்லை! ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற பாக்கெட் தராசு 10 மி.கி. அளவில்தான் எண்ணையே மாற்றும், அதற்கு இந்த அரிப்பு நடந்ததே தெரியாது.

என் அளவுகோல் இது: எடை இழப்பு தராசின் மிகச்சிறு அளவைப் போலப் பத்து மடங்காவது இருந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம். பாக்கெட் தராசுக்கு அப்படியானால் 100 மி.கி. போக வேண்டும், அதே சதுரத்தில் அது 2.1 மி.மீ. ஆழம், அதாவது எனாமல் கிட்டத்தட்ட முழுவதும் போனால்தான் உண்டு. நகைக்கடைகளில் இருக்கிற 1 மி.கி. தராசு என்றால் 10 மி.கி. போதும், திறந்த பரப்பை 50 சதுர மி.மீ. ஆக்கினால் 68 மைக்ரான் ஆழத்திலேயே வந்துவிடும், நீண்ட நேரம் ஊற வைத்தால் இது நடக்கக்கூடியதுதான். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரி வேதியியல் துறைகளில் 0.1 மி.கி. வரை காட்டுகிற அனலிட்டிக்கல் பேலன்ஸ் இருக்கும், பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இயற்பியல் லேபில் உள்ள ஸ்க்ரூ கேஜ் 0.01 மி.மீ. வரை, அதாவது 10 மைக்ரான் வரை காட்டும். ஒரு நாள் முழுக்க ஊறிய பல்லுக்கு அது உதவும், பத்து நிமிடம் ஊறிய பல்லுக்கு உதவாது.

பல்லுக்கு எங்கே போவது?

மனிதப் பல் வேண்டாம். பல் மருத்துவர் பிடுங்கிய பல் மருத்துவக் கழிவு, ரத்தம் வழியாகப் பரவுகிற கிருமிகள் அதில் இருக்கலாம், தகுந்தபடி கிருமி நீக்காமல் பள்ளி மேசைக்கு வரக் கூடாது. நோயாளியின் சம்மதம், நெறிமுறைக் குழு எல்லாம் தேவைப்படுகிற விஷயம் அது. குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறதே என்று கேட்பீர்கள், அங்கே படிக்கிறவர்கள் அந்த முறைகளோடு செய்துகொள்ளட்டும்.

நமக்கு மாட்டுப் பல் போதும். போதும் என்பதென்ன, உலகெங்கும் ஆய்வகங்களில் மனிதப் பல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதே மாட்டின் முன்பல்தான், ஏனென்றால் அது பெரியது, முன்பக்கம் ஓரளவு தட்டையானது. மனித எனாமலைவிடக் கொஞ்சம் வேகமாக அரிக்கும், அதை அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லே கிடையாது, கீழே எட்டு இருக்கும். நம்ம பக்கம் மாட்டிறைச்சிக் கடைக்குப் பஞ்சமில்லை, முந்தின நாளே "அண்ணே, கீழ்த்தாடை முன்பல்லு மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வேணும்" என்று சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். வீட்டில் ஒத்துவராது என்றால் ஆட்டுத் தலைக்கறி வாங்குகிற கடையில் கேளுங்கள், ஆட்டுக்கும் இதே அமைப்புதான், பல் மட்டும் சிறிது.

கையுறை போட்டுக்கொண்டு சதையைச் சுரண்டி எடுத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உப்புத் தண்ணீரில் மூழ்க வைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். சாப்பாடு வைக்கிற ஃபிரிட்ஜில் வேண்டாம், லேப் ஃபிரிட்ஜ் இருந்தால் அதில். நாள்கணக்கில் வைப்பதாக இருந்தால் கிருமி வளராமல் தடுக்கிற தைமால் 0.1 சதவீதக் கரைசல்தான் சரி. கொதிக்க வைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், இரண்டிலும் எனாமல் வெடிப்பு விடும், வெடிப்பு வழியாக ஆசிட் இறங்கினால் எண்ணெல்லாம் கெட்டுப்போகும். லென்ஸ் வைத்துப் பார்த்து, ஏற்கெனவே கீறல் உள்ள பல்லைத் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு பானத்துக்கும் ஐந்து பல்லாவது வேண்டும், ஏனென்றால் ஒரு பல்லைப் போல இன்னொரு பல் இருக்காது.

ஜன்னல் திறப்பது

பல் முழுவதையும் ஆசிடில் போட்டால் வேரும், எனாமலுக்கு உள்ளே இருக்கிற டென்டின் என்கிற அடுக்கும் சேர்ந்து கரையும். டென்டின் எனாமலைவிட எளிதாகக் கரைவது, அதனால் நீங்கள் அளப்பது எனாமலாகவே இருக்காது. கண்காட்சி மேசைகளில் நடக்கிற பெரிய தவறு இதுதான்.

பல்லின் முன்பக்கத்தில் தட்டையான இடத்தில் அளவெடுத்து வெட்டிய செல்லோடேப் துண்டை ஒட்டுங்கள். மீதி எல்லா இடத்திலும், வேர், பின்பக்கம், ஓரம் எல்லாம், நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடியுங்கள். சிவப்பு நல்லது, விட்டுப்போன இடம் கண்ணுக்குத் தெரியும். காய்ந்ததும் டேப்பை உரித்தால் நடுவில் எனாமல் ஜன்னல் கிடைக்கும். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள், பாலிஷில் உள்ள கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அந்த எடை இழப்பை ஆசிடின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆழத்தை ஸ்க்ரூ கேஜால் அளப்பதாக இருந்தால் டேப் ஒட்டும் முன்பே ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற 1000 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டு அந்த இடத்தை லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கலாம். ஆனால் எனாமலின் வெளி அடுக்குதான் ஆசிடை அதிகம் தாங்குவது, அதைத் தேய்த்துவிட்டால் அரிப்பு கூடுதலாகத் தெரியும். தேய்ப்பதென்றால் எல்லாப் பல்லையும் தேயுங்கள், இல்லையென்றால் எதையும் தேய்க்காதீர்கள்.

பானங்களைத் தேர்ந்தெடுப்பதும் புளிப்பை அளப்பதும்

கோலா ஒன்று போதும், எல்லா பிராண்டையும் வாங்கி அடுக்க வேண்டாம். அதைவிட நம்ம ஊர்க் கடைகளில் ஓடுகிறது எது என்று யோசியுங்கள்: எலுமிச்சை சர்பத், வெறும் சோடா, மோர், இளநீர், மீன் குழம்புக்குப் போடுகிற கொடம்புளி ஊறிய தண்ணீர். இவற்றோடு இரண்டு கட்டாயம். ஒன்று காய்ச்சி வடித்த நீர், எதுவும் அரிக்காதது. இன்னொன்று ஒரு லிட்டருக்கு 10 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த நீர், உறுதியாக அரிப்பது, இதன் பிஎச் (புளிப்பைச் சொல்லும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 2.2-ஐ ஒட்டி இருக்கும். இந்த இரண்டு எல்லைகளும் எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் நடுவில் உள்ள எதையும் நம்ப வேண்டாம்.

ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் வீட்டில் கேனில் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று அருமனை, பேச்சிப்பாறை பக்கத்துப் பிள்ளைகள் கேட்கலாம். அது ஃபார்மிக் ஆசிட். யாரும் குடிப்பதில்லை, தோலில் பட்டால் புண்ணாகும், ஆவியே நெஞ்சை எரிக்கும். தொடாதீர்கள்.

லிட்மஸ் தாள் இங்கே பயன்படாது, அது ஆசிடா இல்லையா என்று மட்டும் சொல்லும். பிஎச் தாள் பரவாயில்லை. பேனா மாதிரி இருக்கிற பிஎச் மீட்டர் கிடைத்தால் பிஎச் முன்பே தெரிந்த பஃபர் கரைசல் இரண்டில் சரிபார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். பிஎச் ஒன்று குறைந்தால் ஆசிட் செறிவு பத்து மடங்கு கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம், 2.5-க்கும் 3.5-க்கும் சின்ன வித்தியாசம் என்று எழுதாதீர்கள்.

பிஎச் மட்டும் பார்த்து நிறுத்திவிடவும் கூடாது. பானத்தில் மொத்தம் எவ்வளவு ஆசிட் இருக்கிறது என்பது வேறு அளவு. எச்சில் ஆசிடை நடுநிலையாக்கப் பார்க்கும்போது எவ்வளவு நேரம் அந்தப் பானம் எதிர்த்து நிற்கும் என்பதை இதுதான் சொல்லும். 20 மி.லி. பானத்தில் 0.1 மோலார் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைப் பியூரெட்டில் (அளவுக் கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) சொட்டு சொட்டாக விட்டு, பிஎச் 7 வருவதற்கு எத்தனை மி.லி. செலவானது என்று குறியுங்கள். மேலே சொன்ன சிட்ரிக் ஆசிட் கரைசலுக்கு 30 மி.லி.யை ஒட்டி வர வேண்டும், வரவில்லை என்றால் உங்கள் கரைசலில் ஏதோ கோளாறு. கோலாவின் கருநிறத்தில் ஃபீனால்ப்தலீன் என்கிற நிறங்காட்டியின் நிறம் தெரியாது, மீட்டர்தான் வழி. சமையல் சோடாவைக் கொண்டு செய்யாதீர்கள், அதிலிருந்து வருகிற கார்பன் டை ஆக்சைடு கணக்கைக் குழப்பும். கண்ணாடி அணிந்து, ஆசிரியர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள், சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

ஊற வைப்பது

ஒவ்வொரு பல்லுக்கும் தனி டம்ளர், ஒரே அளவு பானம், 30 மி.லி. என்றால் எல்லாவற்றிலும் 30. ஒரே வெப்பநிலை. ஐஸ் போட்ட சர்பத்தையும் அறை வெப்பத்தில் உள்ள கோலாவையும் ஒப்பிட்டால் நீங்கள் அளப்பது வெப்பத்தைத்தான், ஏனென்றால் சூடு கூடினால் அரிப்பு கூடும். கிளறினாலும் கூடும், அதனால் கிளறுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி.

நேரம் எவ்வளவு? பழைய கணக்குக்குத் திரும்புங்கள். அனலிட்டிக்கல் பேலன்ஸ் இருந்தால் ஒரு மணி நேரத் தவணைகள் போதும். 1 மி.கி. தராசு என்றால் 24 மணி நேரமும் அதற்கு மேலும். ஒரே பானத்தில் நாள்கணக்கில் விட்டால் கரைந்த கால்சியமும் பாஸ்பேட்டும் அதிலேயே சேர்ந்து அரிப்பை மெதுவாக்கும், ஆகவே ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். மோர் புளித்துக்கொண்டே போகும், சர்பத் கெட்டுப்போகும், அதற்கும் இதுவே தீர்வு.

எடை போடுவது

பொறுமை தேவைப்படுகிற இடம். பல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முக்கியமாக டென்டின். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் நம்முடையது. ஜூனிலும் நவம்பரிலும் காற்றே ஈரமாக இருக்கும்போது எடை போட்டால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று காட்டும். எனவே எல்லாப் பல்லுக்கும் ஒரே சடங்கு: காய்ச்சி வடித்த நீரில் கழுவு, டிஷ்யூவால் ஒற்று, சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகள் போட்ட மூடிய டப்பாவில் குறித்த நேரம் வை, மூன்று முறை எடை போட்டுச் சராசரி எடு. அந்த நேரம் இரண்டு மணியா மூன்று மணியா என்பது உங்கள் விருப்பம், ஆனால் ஊற வைப்பதற்கு முன்னும் பின்னும் அதே நேரமாக இருக்க வேண்டும். கையால் தொடாதீர்கள், சாமணத்தால் பிடியுங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள்.

காய்ச்சி வடித்த நீரில் கிடந்த பல்லும் கொஞ்சம் எடை மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கழித்துவிட்டுத்தான் மற்றவற்றைக் கணக்கிட வேண்டும். உதாரணத்துக்கு, சர்பத்தில் கிடந்த பல் 8 மி.கி. இழந்தது, நீரில் கிடந்தது 2 மி.கி. இழந்தது என்றால் அரிப்பு 6 மி.கி. அதை 2.95 ஆல் வகுத்தால் 2.03 கன மி.மீ. 16 சதுர மி.மீ. ஜன்னல் என்றால் ஆழம் 0.127 மி.மீ., அதாவது 127 மைக்ரான். சராசரி மட்டும் எழுதாமல் ஐந்து பல்லின் எண்களையும் அப்படியே அட்டவணையில் போடுங்கள். ஒரு பல்லில் 60, இன்னொன்றில் 190 என்று வந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

ஸ்க்ரூ கேஜில் சரிபார்ப்பது: அசிட்டோனால் நெயில் பாலிஷைத் துடைத்து எடுத்தால் ஜன்னல் இருந்த இடம் படி மாதிரி இறங்கியிருக்கும். ஸ்க்ரூ கேஜின் முனை ஜன்னலைவிடப் பெரிதாக இருக்கும், படிக்குள் இறங்காது, அதனால் முனைக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு குண்டூசித் தலையை வைத்து, படிக்கு மேலும் உள்ளேயும் அளந்து வித்தியாசம் எடுங்கள். எடையிலிருந்து வந்த ஆழமும் இதுவும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சந்தோஷப்படலாம்.

கால்சியத்தை அளப்பது, கல்லூரி லேப் கிடைத்தவர்களுக்கு

பல்லை விட்டுவிட்டு, கரைந்துபோன கால்சியத்தைக் கரைசலில் தேடுவது இன்னும் நுட்பமான வழி. சிட்ரிக் ஆசிட் கரைசலில் மட்டும் செய்யுங்கள். கோலாவில் பாஸ்பாரிக் ஆசிட் இருப்பதால் காரத்தைச் சேர்த்ததும் கால்சியம் பாஸ்பேட் படிந்துவிடலாம், மோரில் ஏற்கெனவே நிறைய கால்சியம் இருக்கிறது. பிஎச் 12-க்குக் கொண்டுவந்து, மியூரெக்சைடு நிறங்காட்டியோடு, கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிற இடிடிஏ (EDTA) என்கிற ரசாயனத்தைப் பியூரெட்டில் விட்டு உடனே தரம்பார்க்க வேண்டும். 0.01 மோலார் இடிடிஏ 1 மி.லி. என்பது 0.4 மி.கி. கால்சியம். முன்னே போட்ட 0.47 மி.கி. எனாமலில் கால்சியம் 0.17 மி.கி. அளவுதான், அதற்கு அரை மி.லி.கூடச் செலவாகாது. எனவே இடிடிஏ-வைப் பத்து மடங்கு நீர்த்து 0.001 மோலார் ஆக்கினால் 4 மி.லி.க்கு மேல் வரும், பியூரெட்டில் படிக்கலாம். பல் போடாத அதே கரைசலையும் தரம்பார்த்துக் கழித்துவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைசல் போட்டிருந்தால் அங்கேயே எல்லாம் போச்சு.

எண்களைப் படிக்கும்போது

எனாமல் கரைகிற எல்லை பிஎச் 5.5 என்று புத்தகங்கள் சொல்லும். மோரின் பிஎச் 4-ஐ ஒட்டியே இருக்கும், ஆனாலும் உங்கள் மோர்ப் பல்லில் அரிப்பு அனேகமாக இருக்காது. தவறாக அளந்துவிட்டோம் என்று அழித்துவிடாதீர்கள். மோரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே நிறைந்திருப்பதால் எனாமலிலிருந்து மேலும் கரைந்து வர இடமில்லை. 5.5 என்பது எச்சிலில் உள்ள கால்சியம், பாஸ்பேட் அளவை வைத்துச் சொன்ன எல்லை, திரவம் மாறினால் எல்லையும் மாறும். உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு வரைபடம் போட இடம் இருக்கிறதென்றால் கோலா, சர்பத், மோர் மூன்றின் பிஎச்சையும் ஆழத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், நடுவர் நின்று பார்ப்பார்.

இதற்கு நேர்மாறான பொறி பிலிம்பிக்காய்ச் சாறு. நாக்கில் வைக்க முடியாத புளிப்பு, ஆனால் அதில் ஆக்சாலிக் ஆசிட் அதிகம். அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத கால்சியம் ஆக்சலேட்டாகப் பல்லின் மேலேயே படியும். எடை குறையாது, கூடவும் செய்யலாம். தராசு "அரிப்பு இல்லை" என்று சொல்லும், நம்பாதீர்கள்.

ஆசிட் பட்டதும் எனாமல் உடனே போய்விடுவதில்லை, முதலில் மேல் அடுக்கு மென்மையாகிறது. இந்த மென்மையை எடையால் பிடிக்க முடியாது, விக்கர்ஸ் கடினமானி போன்ற கருவி வேண்டும், சில பொறியியல் கல்லூரி லேபில் இருக்கும். இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம்: ஊறிய பற்களில் பாதியை மட்டும் பிரஷ்ஷால் எண்ணி 100 தடவை ஒரே அழுத்தத்தில் தேய்த்து எடை பாருங்கள். புளிப்பு குடித்த உடனே பல் துலக்க வேண்டாம் என்று பல் மருத்துவர்கள் சொல்வது எதனால் என்று உங்கள் எண்ணிலேயே தெரிய வாய்ப்பு உண்டு.

இது எல்லாம் டம்ளருக்குள் நடந்தது. வாயில் எச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது, பல்லின் மேல் எச்சில் புரதத்தால் ஆன மெல்லிய படலம் காக்கிறது, சர்பத் சில நொடிகளில் தொண்டைக்குள் போய்விடுகிறது. ஆகவே "ஒரு நாளில் 127 மைக்ரான், அப்படியென்றால் இத்தனை மாதத்தில் பல்லே இருக்காது" என்று பெருக்கிக் காட்ட வேண்டாம். எது அதிகம் அரிக்கிறது, எது குறைவு என்ற வரிசையைச் சொல்லுங்கள், அது நிற்கும்.

வாயில் இருக்கிற பல்லை அளக்க மருத்துவர்களுக்கு வேறு முறை உண்டு. 2008-இல் வந்த பெவே (BEWE) என்ற குறியீட்டில் வாயை ஆறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மிக மோசமான பல்லுக்கு 0 முதல் 3 வரை மார்க் போடுவார்கள், மொத்தம் 18. மேற்பரப்பின் மினுமினுப்பு போய் ஆரம்ப நிலையில் இருந்தால் 1, பரப்பில் பாதிக்கும் குறைவாகப் பள்ளம் என்றால் 2, பாதியோ அதற்கு மேலோ போயிருந்தால் 3. மேல் முன்பல்லின் உள்பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் சர்பத்தைக் குறை சொல்வதற்கு முன் நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு இருக்கிறதா என்று கேட்பார்கள், வயிற்று ஆசிட் முதலில் தொடுகிற இடம் அது.

வேலை முடிந்ததும் பற்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல் பள்ளி வளாகத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறுநாள் காலை நாய் எடுத்து வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வைக்கும். நோட்டில் தேதி, அறை வெப்பநிலை, தராசின் மிகச்சிறு அளவு மூன்றும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் இருக்கட்டும்.